தபாலில் ஆட்டோகிராஃப் கேட்பது தப்பா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், 2025 பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆடியதைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கடிதம் போட்டு ஆட்டோகிராஃப் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நானும் சின்ன வயதில் அப்படி வாங்கியவன்தான். என் மைத்துனரோ, "இப்போ தபாலில் கேட்கிறவன் எல்லாம் விற்கத்தான் கேட்கிறான், பிள்ளையைக் கையேந்தப் பழக்காதீங்க" என்கிறார். எழுத விடலாமா?
- ஒரு தகப்பன், தக்கலை

பதில்: தாராளமாக எழுதட்டும் அண்ணாச்சி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன்னைத் துரத்தி, 127 அடித்துக் கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றவரைப் பார்த்து ஒரு பிள்ளைக்குப் பேனா எடுக்கத் தோன்றினால் அதைத் தடுக்கவே கூடாது.

ஆனால் மைத்துனர் சொல்வதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மேன் ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அடிலெய்டில் தன் வீட்டில் உட்கார்ந்து ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார், அன்றைக்குக் கேட்கிறவர் மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 1995-ல் ஈபே என்ற இணைய ஏலத் தளம் வந்து, யாரும் வீட்டில் இருந்தபடியே கையெழுத்தை ஏலம் விடலாம் என்று ஆனதும் நிலைமை மாறிவிட்டது. அமெரிக்காவில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று தனி விசாரணையே நடத்த வேண்டி வந்தது. ஒரே ஆள் பத்துப் படத்தை ஒன்றாக அனுப்பி "எல்லாவற்றிலும் வெறும் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கேட்டால், அந்த வீரருக்கு என்ன தோன்றும்? சிலர் காசு கேட்கிறார்கள், சிலர் கவரைப் பிரிப்பதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் மகளின் கடிதத்தைப் பார்த்ததுமே இது விற்கிறவர் எழுதியது இல்லை என்று தெரிய வேண்டும். ஒரே ஒரு படம் வைக்கட்டும். தன் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்கட்டும். பெயர் எழுதியதை வாங்க ஆள் குறைவு என்பது கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். கடிதத்தை அவளே தன் கையால், ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும், நீங்கள் திருத்தாதீர்கள். அந்த ஆட்டத்தில் எந்தப் பந்தில் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள் என்பதை எழுதினால் போதும், "நான் உங்கள் தீவிர ரசிகை" என்ற வரியே வேண்டாம்.

வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து அனுப்பவே கூடாது, இதில் நான் கறார். மும்பை வான்கடே மைதானத்தில் இருக்கும் கிரிக்கெட் சங்க முகவரிக்கு அவர் பெயர் போட்டு அனுப்பினால் போதும்.

பதில் வராமலே போகலாம் என்பதை இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாவது கடிதம், நினைவூட்டல் எதுவும் வேண்டாம். மைத்துனர் சொன்ன கையேந்தல் அங்கேதான் ஆரம்பிக்கும், ஒரு தடவை மரியாதையாகக் கேட்பதில் இல்லை. காத்திருக்கிற நேரத்தில் நம் கடற்கரைப் பக்கமும் அவள் பார்க்கட்டும். இரவிபுத்தன்துறை மணலில் பந்து உதைத்து வளர்ந்து ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் வரை போன மைக்கேல் சூசைராஜ் நம் குமரி மாவட்டத்துக்காரர்தானே, அவருக்கும் ஒரு கடிதம் போடலாமே.

பள்ளியில் படிக்கும்போது நானும் ஒரு ஹாக்கி வீரருக்கு எழுதினேன். நாலு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது, முகவரி என் கையெழுத்திலேயே இருந்தது. யார் இப்படி என்னைப்போலவே எழுதுகிறார்கள் என்று குழம்பி, அப்புறம்தான் அது நானே உள்ளே வைத்து அனுப்பிய கவர் என்று புரிந்தது. பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பதில் கவரை மறந்துவிடாதீர்கள். உங்கள் முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, இரண்டாக மடித்து உள்ளே வைக்க வேண்டும். 20 கிராம் வரை ஐந்து ரூபாய் ஸ்டாம்பு போதும், படம் இருப்பதால் தபால் ஆபீசில் ஒருமுறை எடை போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பான படத்தில் சாதாரணப் பேனா மை ஒட்டாமல் இழுவும், பளபளப்பு இல்லாத தாளில் பிரிண்ட் எடுப்பது நல்லது. அப்புறம், நம் ஊரில் இரண்டு மழையும் உண்டு, காற்றில் எப்போதும் ஈரம்தான். பதில் கவரின் பசை போகிற வழியிலேயே ஒட்டிக்கொள்ளும், மூடிக்கு அடியில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்து மடிக்கச் சொல்லுங்கள்.