அப்பா வாங்கித் தந்த எஞ்சின்

கேள்வி: அப்பா வாங்கித் தந்த ஹெச்.ஓ. அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) பொம்மை ரயில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது. புதிது வாங்க வசதியில்லை. சரிசெய்ய முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாக முடியும். காட்பாடி ஜங்ஷனில் ரயில் பார்த்தே வளர்ந்தவன் நான். என் மேஜையிலும் ஒரு எஞ்சின் இப்படித்தான் முரண்டு பிடித்தது. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் சக்கரமெல்லாம் கறுப்புப் படலம். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தானே மோட்டாருக்கு மின்சாரம் போகிறது! பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் (அழுக்கு துடைக்கும் ஸ்பிரிட்) நனைத்து, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைத்தேன். பஞ்சு கரியாக வந்தது. எஞ்சின் ஓடியது.

அப்படியும் திணறினால் மேல்கூட்டைக் கழற்றி, 9 வோல்ட் பேட்டரியை மோட்டார் முனைகளில் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது; சக்கரத்தைத் தொடும் உலோகத் தகடு விலகியிருக்கும், மெல்ல வளைத்துவிடுங்கள். மோட்டார் சுற்றியும் வண்டி நகராவிட்டால், அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதும். எண்ணெய் ஊசிமுனை அளவுதான்; தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறிவிடும்.

மோட்டாரில் கருகிய வாடை அடித்தால் அப்புறம் அதே அளவில் 12 வோல்ட் மோட்டார் தேடுங்கள். கூடு அப்பா கொடுத்ததாகவே இருக்கட்டும்.