அச்சுக்கு முன் நாவலை இ-ரீடரில் படிக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: என் முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன். பதிப்பகத்துக்கு அனுப்பும் முன், கிண்டில் என்ற இ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) வைத்திருக்கும் நண்பர்கள் சிலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்க விரும்புகிறேன். அப்படிக் கொடுத்தால் நூல் வெளியானதாக ஆகிவிடுமா? கருத்துகளை எப்படித் திரட்டுவது?

பதில்: தயங்காமல் கொடுங்கள். நண்பரின் கிண்டிலுக்கு உரிய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பும் கோப்பு, தனிப்பட்ட ஆவணமாக அவர் கணக்கில் மட்டுமே சேரும், விற்பனைக்கு வராது. ஆனால் உங்கள் மின்னஞ்சல் முகவரியை அவர் தம் கணக்கின் அனுமதிப் பட்டியலில் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

பிடிஎஃப் வேண்டாம். சிறிய திரையில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாக அனுப்புங்கள். 2022 முதல் கிண்டிலுக்கும் அதை அனுப்ப முடிகிறது. காலிபர் என்ற இலவச மென்பொருள் வேர்டு கோப்பை இபப் ஆக மாற்றித் தரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். படித்து முடித்தவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்பார். நட்பு அப்படித்தான் பேசும். உங்களுக்குத் தேவை, படிக்கும் அந்தக் கணத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்பது. ஆகவே திருத்தம் கேட்காதீர்கள். புரியாத வரியையும், தாண்டிப் போகத் தோன்றிய பத்தியின் முதல் வரியையும் கோடிடச் சொல்லுங்கள். கோட்டோடு ஒரு குறிப்பு: புரியாவிட்டால் 1, சலித்தால் 2. ஒற்றை எண் என்பதால் யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் குறிகள் எல்லாம் கிண்டிலில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பில் சேர்கின்றன. கணினியோடு கேபிளில் இணைத்தால் அதை எடுக்கலாம். ஒவ்வொரு குறிக்கும் மேலே இடமும், தேதியும், நேரமும் பதிவாகியிருக்கும். எனக்கு இதுவே பெரும் பொக்கிஷம். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு 2 விழுந்து, அடுத்த குறி ஒன்பது நாள் கழித்து வந்திருந்தால், அவர் எங்கே புத்தகத்தை மூடினார் என்று ஊகிக்கலாம். வேலைப்பளுவாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அதே இடத்தில் இன்னொருவரும் நின்றிருந்தால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

நண்பர் படித்த மற்ற நூல்களின் குறிப்புகளும் அதே கோப்பில் இருக்கும். உங்கள் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்வதே மரியாதை. எழுத்தளவு மாறினால் ஒரு திரையில் அடங்கும் வரிகளும் மாறும் என்பதால், அத்தியாயங்களுக்கு எண் கொடுத்து அதை வைத்தே பேசுங்கள். திருத்திய வரைவைப் புதுப் பெயரில் அனுப்புங்கள். பழைய கோடுகள் அதற்குத் தாவி வராது.