பழைய ஐரோப்பிய வரைபடத்தில் ஆண்டு போடவில்லை என்றால் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரர் பின்பக்கம் பென்சிலால் ஏதோ ஓர் ஆண்டை எழுதியிருப்பார், வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். அதனால்தானே கேட்கிறீர்கள்? நானும் அப்படி ஏமாந்தவன்தான். நிபுணன் இல்லை, கணினி வேலை பார்ப்பவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வியன்னாவில் இருந்தபோது ஒரு சனிக்கிழமைச் சந்தையில் கலீசியா வரைபடம் ஒன்றை 90 யூரோ கொடுத்து வாங்கினேன். (உடனே ஸ்பெயினில் இருக்கும் கலீசியாவா என்று கேட்காதீர்கள், பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இது 1772இல் போலந்தைப் பங்கு போட்டபோது ஆஸ்திரியா எடுத்துக்கொண்ட கலீசியா. இன்று மேற்குப் பக்கம் போலந்தில், கிழக்குப் பக்கம் உக்ரைனில்.) பின்னால் '1780' என்று எழுதியிருந்தது. படத்தில் கிராக்கோவ், இன்றைய போலந்து நகரம், கலீசியா எல்லைக்கு வெளியே இருந்தது. அந்த ஊர் ஆஸ்திரியாவுக்குப் போனது 1795இல் போலந்தை மறுபடி பங்கு போட்டபோதுதான். ஆகவே 1780 சரி என்று நானே கணக்குப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சட்டம் போட்டு மாட்டினேன், ஆறு மாதம் சுவரில் தொங்கியது. ஒருநாள் காப்பி குடிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, உக்ரைனில் இருக்கும் லிவீவ் ஊர்க்காரர், கண்ணாடிமேல் விரலை வைத்து, "சமோஷ்ச் ஏன் வெளியே இருக்கிறது?" என்றார். சமோஷ்ச் 1772இலேயே ஆஸ்திரியாவிடம் வந்த ஊர். நெப்போலியனிடம் தோற்று 1809இல்தான் இழந்தார்கள். போச்சா 1780! அதே 1809இல் கிழக்குப் பக்கத்து ஊரான டார்னோபோல் ரஷ்யாவுக்குப் போய், 1815இல் திரும்பி வந்தது. என் படத்தில் அது உள்ளே இருக்கிறது. அப்புறம் கிராக்கோவைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று. ஏதோ கறை என்று நினைத்திருந்தேன். 1815 முதல் 1846 வரை அது தனிச் சுதந்திர நகரமாம். ஆக, படம் அந்த 31 ஆண்டுக்குள்தான் எங்கோ வரும். உங்கள் படத்திலும் பெரிய நாட்டு எல்லையை விட்டுவிட்டு, கை மாறிய சின்ன ஊர்களைப் பிடியுங்கள். பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். 1918இல் ஆஸ்திரிய ஆட்சி போன பிறகும் ஜெர்மன் வரைபடங்களில் லிவீவ் 'லெம்பர்க்'தான்.

"எல்லை வண்ணம் கையால் பூசுவது, யாரும் பின்னால் பூசியிருக்கலாமே" என்று ஒருவர் சண்டைக்கு வருவார். நியாயம்தான். படம் செதுக்கிய பழைய செப்புத் தகட்டிலேயே மறுபடி அச்சடித்து வண்ணத்தை மட்டும் மாற்றியதும் உண்டு. அதனால்தான் சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். எல்லையாகப் பூசிய பச்சைக் கோடு போன வழியெல்லாம் பின்பக்கம் பழுப்பேறியிருந்தது. செம்பு கலந்த பழைய பச்சை காகிதத்தை அப்படி அரிக்கும். நேற்றுப் பூசியது அல்ல.

கழற்றியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. செப்புத் தகடு அழுத்திய தடம் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஓரமே இல்லை! வாங்கும்போது கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் படிக்கவில்லை. பதிப்பாளர் பெயராக இருக்கும், ஆண்டுகூட இருந்திருக்கலாம். சட்டம் போட்டவர் அளவுக்கு அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார். போய்க் கேட்டால், "அங்கே படம் ஒன்றும் இல்லையே" என்கிறார். அந்த வேலைக்குக் கூலி 60 யூரோ.