செக்யூரிட்டி கையில் ஷாக் மெஷினைக் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பிளாக், 120 வீடுகள். பாதிக்கு மேல் வயதானவர்கள். சில வாரங்களுக்கு முன் காலை வாக்கிங் போனவர் ஒருவர் கேட் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. அதற்குப் பிறகு ஏ.இ.டி. மெஷின் (திடீரென நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) ஒன்று வாங்கி வைக்கலாம் என்று பேசிவருகிறோம். "பயிற்சி இல்லாத ஆள் ஷாக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று கமிட்டியில் சிலர் தடுக்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எங்கே வைப்பது? - அசோசியேஷன் செயலாளர்

வாங்குங்கள். உங்கள் கமிட்டி பயப்படுகிற விஷயத்தை அந்த மெஷின் ஏற்கெனவே கவனித்துக்கொள்கிறது. பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஷாக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது செக்யூரிட்டி அல்ல, மெஷின்தான். நெஞ்சில் ஒட்டுகிற இரண்டு பேட்களும் முதலில் இதயத்தின் மின்னோட்டத்தைப் படிக்கின்றன. இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருந்தாலோ, ரத்தத்தைத் தள்ள முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தாலோதான் மெஷின் ஷாக்கைத் தயார் செய்யும். மற்ற நேரத்தில் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. வெயிலில் மயங்கிய ஒருவருக்குத் தெரியாமல் மாட்டிவிட்டாலும், "ஷாக் தேவையில்லை" என்று சொல்லிவிடும். சினிமாவில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுப்பார்கள். நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. அங்கே கையால் நெஞ்சை அழுத்துவதும் ஊசி மருந்தும்தான் சிகிச்சை.

பயிற்சியே இல்லாதவர்களால் முடியுமா என்பதற்குப் பழைய, நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1999இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மெஷினைக் கொடுத்து, பொம்மைக்கு ஷாக் கொடுக்கச் சொன்னார்கள். சராசரியாக 90 விநாடியில் முடித்தார்கள். அதே வேலைக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு 67 விநாடி ஆனது. அதே ஆண்டு சிகாகோ விமான நிலையங்களில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மெஷின்களைச் சுவரில் மாட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் 18 பேருக்கு அந்த நடுக்கம் வந்து இதயம் நின்றது. 11 பேர் பிழைத்தார்கள். அந்த 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் மெஷினை அதற்கு முன் பயன்படுத்தப் பழகாதவர்கள் (அவர்களில் சிலர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்).

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம். விழுந்தவருக்கு இதயம் நின்றுவிட்டது என்பதே சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதயம் நின்ற முதல் சில விநாடிகளில் மூளைக்கு ரத்தம் போகாததால் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். உடனே "வலிப்பு" என்று சொல்லி, சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பார்கள். அடுத்து, பலர் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். குறட்டைபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும். "மூச்சு வருது, மூச்சு வருது" என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அது மூச்சு அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு மனம் அதிகம் கனக்கிற இடம் இது. அழைத்து வந்தவர்கள் அன்போடு எல்லாம் செய்திருப்பார்கள், நெஞ்சில் மட்டும் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். நெஞ்சை அழுத்தாமல், ஷாக்கும் கொடுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

உங்கள் ஆட்கள் இரண்டே கேள்வி கேட்டால் போதும். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் விழிக்கிறாரா? மூச்சு வழக்கம்போல் சீராக இருக்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் வைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தட்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கலாம். நிறுத்த வேண்டாம், எலும்பு கூடிவிடும். மெஷின் வரும்வரை இது ஓயக்கூடாது.

மெஷின் வந்ததும் முதலில் ஆன் செய்யுங்கள், மற்றதை அதுவே சொல்லும். பேட் தோலில் ஒட்ட வேண்டும். சட்டைக்கு மேல் ஒட்டினால் பயனில்லை. ஒன்று நெஞ்சின் வலது பக்கம் காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கொஞ்சம் கீழே விலாவில். பேட்டின் மேலேயே படம் போட்டிருக்கும். வாக்கிங் போனவர் வியர்த்துக் கொட்டியிருப்பார். துண்டால் ஒற்றித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நெஞ்சில் முடி அடர்ந்திருந்தால் பேட் பிடிக்காது, அதனால் மெஷினோடு ஒரு ரேசர் இருக்கட்டும். ஒட்டுகிற இடத்தில் மருந்துப் பட்டை இருந்தால் உரித்தெடுங்கள். தோலுக்கு அடியில் தீப்பெட்டி போலப் புடைத்திருந்தால் அது பேஸ்மேக்கர். பேட்டைச் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு பக்கமாக ஒதுக்கினால் போதும். "யாரும் தொடாதீர்கள்" என்று மெஷின் சொல்லும்போது மட்டும் எல்லோரும் கையை எடுக்க வேண்டும். ஷாக் போனதும் திரும்ப அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினே நிறுத்தச் சொல்லிப் பரிசோதிக்கும். அவர் கண் விழித்தாலும் 108 வரும்வரை பேட்டைப் பிய்க்க வேண்டாம்.

விழுந்தவர் பெண் என்றால் நம் ஊரில் எல்லோர் கையும் தயங்கும். பொது இடத்தில் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகவே கிடைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, நாம் மட்டும் விதிவிலக்கல்ல. ரவிக்கையைக் கத்தரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் மெஷின் பையில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு பெரிய துப்பட்டாவும் வையுங்கள். நான்கு பெண்கள் துப்பட்டாவைப் பிடித்து மறைத்து நின்றால் தயக்கம் பாதி போய்விடும். இதைப் பயிற்சியின்போதே வாய்விட்டுப் பேசுங்கள்.

எங்கே வைப்பது? ஒருமுறை ஓர் அலுவலக வளாகத்தில் மெஷினைப் பார்க்கக் கேட்டேன். மேலாளர் அறை பீரோவில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்று லீவு. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். உங்கள் மெஷினைப் பூட்டாதீர்கள். திருட்டுப் பயம் இருந்தால், திறந்தால் அலறுகிற பெட்டியில் வையுங்கள். இடம் மெயின் கேட்தான். இரவு இரண்டு மணிக்கும் ஆள் விழித்திருக்கிற இடம் அது ஒன்றுதான். வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து எடுத்துப்போனால் போகவர இரண்டு நடை. இன்டர்காமில் சொல்லி, செக்யூரிட்டியே தூக்கிக்கொண்டு ஓடினால் ஒரு நடை. தகரக் கூரை போட்ட கேபின் மட்டும் வேண்டாம். இந்த மெஷின்கள் பொதுவாக 50 டிகிரி வரைதான் தாங்கும், ஏப்ரல் மதியத்தில் தகரத்துக்கு அடியில் அது தாண்டிவிடும்.

விலை ஒரு லட்ச ரூபாய்க்கு முன்பின்னாக இருக்கும். அதோடு முடிவதில்லை. பேட்கள் சில ஆண்டுகளில் காலாவதியாகும், பேட்டரியும் நான்கைந்து ஆண்டில் மாற்ற வேண்டிவரும். மெயின்டனன்ஸ் கணக்கில் இப்போதே தலைப்புப் போட்டுவிடுங்கள். தயார்நிலையைக் காட்டும் பச்சை விளக்கைத் தினமும் ஷிப்ட் மாறும்போது பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தமிழில் பேசும் மாடல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் செக்யூரிட்டி வடமாநிலத்தவர் என்றால் இந்தியும் வேண்டும்.

"யார் பொறுப்பு" என்ற கேள்விக்கு: சாலை விபத்தில் உதவுபவர்களைக் காக்க 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது விபத்துக்கு மட்டும். உங்கள் வளாகத்துக்குப் பொருந்துவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு: சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது. இதே விதி பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. கமிட்டித் தீர்மானத்தில் இதைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் செக்யூரிட்டிக்கும் தைரியம் வரும்.

வசதியுள்ள சிலர் வீட்டுக்கே ஒன்று வாங்கலாமா என்று கேட்பார்கள். மாரடைப்பு வந்து தேறியவர்கள் சுமார் 7,000 பேரை வைத்து நடத்தி 2008இல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் மெஷின் வைத்ததால் உயிர்ச்சேதம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆளில்லாத நேரத்தில் விழுந்தால் மெஷின் இருந்து என்ன? அந்தப் பணத்தைப் பொதுவில் போட்டு, இரண்டாவது மெஷினைக் கடைசி பிளாக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ அரிசிப் பையை கேட்டில் வையுங்கள், மெஷின் கிட்டத்தட்ட அந்த எடைதான். கடைசி பிளாக் மேல்மாடியிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டு, பை கைக்கு வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். லிப்டை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். 3 நிமிடத்துக்கு மேல் போனால் ஒரு மெஷின் போதாது.