திருஇருதயப் படத்துக்குப் பயப்படும் மகன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

மட்டக்களப்பு தாண்டவன்வெளியிலிருந்து எழுதுகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நானும் மகனும் என் அம்மாவோடு இருக்கிறோம். மகனுக்கு 4 வயதும் 7 மாதமும். முன்பள்ளிக்குப் போகிறான், நன்றாகக் கதைப்பான்.

எங்கள் வீட்டில் தினமும் இரவு ஏழரைக்குச் செபமாலை. மன்றாட்டுமாலையும் சொல்லி முடிய அரை மணித்தியாலம் ஆகும். முன்பெல்லாம் அம்மம்மாவின் மடியில் இருந்து மணி உருட்டிக்கொண்டிருப்பான். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தை முத்தமிட அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். காயங்களைக் கிட்டத்தில் பார்த்ததும் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான். அன்றையிலிருந்து செபத்துக்குப் பாய் விரித்தாலே அழுகை. மண்டபத்தில் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கிறது, அதற்குக் கீழே இரவு முழுக்கச் சிவப்பு பல்ப் எரியும். அறைக் கதவு திறந்திருந்தால் கட்டிலிலிருந்து படம் தெரியும். "அம்மா, சேசு என்னையே பாக்காரு" என்று போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்கிறான். மூன்று வயதோடு நின்றுபோன படுக்கை நனைப்பும் திரும்பியிருக்கிறது, கிழமைக்கு மூன்று நாளாவது.

அம்மாவுக்குக் கோபம். "செபம் சொல்லாட்டி சேசு கண்ணைக் குத்துவாரு மனே" என்கிறார். ஞாயிறு பூசையிலும் பத்து நிமிடத்துக்கு மேல் அவனை இருத்த முடியவில்லை. செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் மாதா சுகம் தருவா என்று அம்மா நம்புகிறார். கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா? விட்டால் விசுவாசமில்லாமல் வளர்ந்துவிடுவானோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் செபத்தை வெறுக்கவில்லை, பயந்திருக்கிறான். பயத்தை இறக்கி வைத்தால், முன்பு மடியில் இருந்து மணி உருட்டிய பிள்ளை தானாகவே திரும்பி வருவான்.

நான்கு, ஐந்து வயதில் படத்துக்கும் உயிருள்ள ஆளுக்கும் இடையிலுள்ள கோடு இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். நேரே பார்ப்பதுபோல வரைந்த கண்கள் நாம் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும். பெரியவர்களுக்குக்கூட அப்படித்தான். சிவப்பு வெளிச்சம் கீழேயிருந்து மேலே அடிக்கும்போது மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் விழும், வெளியே தெரியும் இருதயம் இன்னும் சிவக்கும். உங்களுக்கு ஆறுதல் தரும் அந்த முகம், படுத்திருக்கும் பிள்ளைக்கு இருட்டில் தொங்கும் ஒரு தலை. அதோடு "கண்ணைக் குத்துவாரு" என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. காயங்களோடு அவன் பார்த்த சுரூபத்தோடு அதையும் சேர்த்து அவன் தனக்குள் ஒரு கதை கட்டியிருப்பான். இந்த வயதில் பிள்ளைகள் காரணத்தைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வார்கள். தான் குழப்படி செய்ததால்தான் அவருக்குக் காயம் என்றுகூட நினைத்திருக்கலாம். ஒரு நாள் பகலில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அவனுக்கு மூன்று வசனம் போதும்: "அது கனகாலத்துக்கு முந்தி நடந்தது. இப்ப சேசுவுக்கு நோகாது, அவர் உயிர்த்துட்டாரு. உன்னால அவருக்குக் காயம் வரல்ல." ஆணி, ஈட்டி, இரத்தம் என்று விளக்கப் போகவேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதையே பத்துத் தரம் கேட்பான், பத்துத் தரமும் அதே சொற்களில் சொல்லுங்கள். சொல் மாறினால் அவனுக்குச் சந்தேகம் வரும். "இதுக்கெல்லாமா பயப்படுறது" என்று சிரிப்பது பயத்தை உள்ளே தள்ளும், அது இரவில்தான் வெளியே வரும்.

படத்தைக் கழற்றி ஒளிக்காதீர்கள். ஒளித்தால், அது பயப்படவேண்டிய பொருள்தான் என்று அவன் உறுதியாக எடுத்துக்கொள்வான், அம்மாவும் மனம் நோவார். பல்ப்பை மட்டும் மாற்றுங்கள். சிவப்பை எடுத்துவிட்டு மங்கலான மஞ்சள் பல்ப் ஒன்றைப் படத்துக்கு மேலே பொருத்தி, படுக்கும் நேரம் அணைத்துவிடலாம். அணைக்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். சுவிட்ச் அவன் கையில் இருப்பதே அவனுக்குப் பெரிய பலம். முதல் கிழமை பகல் வெளிச்சத்தில், அம்மம்மாவின் இடுப்பில் இருந்தபடி, வாசலில் நின்று படத்தைப் பார்த்தால் போதும். அடுத்த கிழமை கிட்டப் போய் ஒரு செவ்வரத்தம்பூ வைக்கலாம். அழுதால் ஒரு படி பின்னால் வாருங்கள், இழுத்துக்கொண்டு போகவேண்டாம். ஒரு நாள் பலவந்தமாகக் கிட்டக் கொண்டுபோனால் இரண்டு கிழமை வேலை வீணாகும்.

இனிச் செபமாலை. ஐந்து பத்துக்களிலும் தொடக்கத்திலுமாக 53 தரம் "அருள் நிறைந்த மரியே" சொல்லவேண்டும். ஏழரை மணி என்பது இந்த வயதுப் பிள்ளைக்குப் பசியும் தூக்கமும் சேரும் நேரம். அழுகையில் பாதி அதனாலும் இருக்கலாம். ஆறரைக்கு மாற்றுங்கள், அதற்கு முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ கொடுங்கள். அவனுக்குச் செபமாலையின் முதல் பத்து மணிகள் மட்டும், மூன்று நான்கு நிமிடம். பாய் விரிப்பது, மணியை எடுத்துக் கொடுப்பது, சிலுவை அடையாளத்தைத் தொடக்கி வைப்பது அவன் வேலைகள். பிறகு அதே பாயின் ஓரத்தில் சத்தமில்லாமல் படம் கீறட்டும். நீங்கள் சொல்லும் குரல் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். செபம் அப்படித்தான் பிள்ளையிடம் ஊறும். முதல் இரண்டு கிழமை அந்தப் பத்து மணிகளுக்கும் வராவிட்டால் விடுங்கள். தண்டனையும் வேண்டாம், டொபி லஞ்சமும் வேண்டாம்.

கட்டாயம் பற்றிக் கேட்டீர்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 11ஆம் பிரிவுப்படி, திருச்சபைச் சட்டங்கள் 7 வயது நிறையாத பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. ஞாயிறு திருப்பலிக் கடனும் அதற்குள் அடங்கும். மிகச் சின்னப் பிள்ளைகளை வேறோர் இடத்தில் பார்த்துக்கொண்டு, கடைசியில் ஆசீருக்குக் கூட்டிவரலாம் என்று 1973இல் வத்திக்கான் வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டி சொல்கிறது. எனவே கூச்சமில்லாமல் மறையுரை நேரம் அவனை வெளியே கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, சலம் கழிக்கவைத்து, காணிக்கை நேரம் உள்ளே வாருங்கள். பின் வாங்கிலிருந்து பெரியவர்களின் முதுகுதான் தெரியும். முன்னால் ஓரமாக, பீடம் தெரியும் இடத்தில் இருங்கள்.

படுக்கை நனைப்பு: ஐந்து வயதுக்கு முன் இரவில் நனைப்பது நோயல்ல. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த பிள்ளை திரும்ப நனைத்தால் காரணம் தேடவேண்டும். பயம் காரணமாயிருக்கலாம், சலத்தில் கிருமித் தொற்றும் மலச்சிக்கலும்கூடக் காரணமாயிருக்கலாம். முதலில் வைத்தியரிடம் காட்டிச் சலப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலோ, சலம் போகும்போது எரிவோ இருந்தால் தாமதிக்கவேண்டாம். அடங்காத தாகமும் அடிக்கடி சலம் போவதும் உடல் மெலிவதும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அது நீரிழிவாக இருக்கலாம். மற்றப்படி பகலில் தாராளமாகத் தண்ணீர் கொடுத்து, இரவில் தேத்தண்ணியையும் சோடாவையும் நிறுத்துங்கள். படுக்கப் போகும்போது ஒரு தரம் சலம் கழிக்கட்டும். துணிக்குக் கீழே றப்பர் சீட் ஒன்று போட்டுவைத்து, நனைந்தால் பேச்சில்லாமல் மாற்றுங்கள். அயல் வீட்டார் முன்னால் அந்தக் கதை வரவே கூடாது.

அம்மாவோடு கதைப்பதுதான் கடினம். மகன் தூங்கிய பிறகு தனியே கதையுங்கள். போரையும் 2004 சுனாமியையும் செபமாலையைப் பிடித்துக்கொண்டு கடந்த தலைமுறை அது. தகப்பன் தூரத்தில் இருக்க, பேரப்பிள்ளையின் கையிலிருந்து அந்த மணி நழுவிவிடுமோ என்பது அவருடைய பயம். "நீங்க சொல்றது பிழை" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடியும். "இவன் சேசுவுக்குப் பயப்படுறான் அம்மா, உங்கட மடியிலதான் அந்தப் பயம் போகும்" என்று தொடங்குங்கள். ஒரு கிழமைக்கு ஒரு கதை அவர் சொல்லட்டும்: சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன கதை, படகில் காற்றை அடக்கிய கதை, ஐந்து அப்பமும் இரண்டு மீனும். வாவிக்கரையில் வளரும் பிள்ளைக்கு வள்ளமும் மீனும் உடனே விளங்கும். கண்ணைக் குத்தும் கதை மட்டும் இனி வேண்டாம் என்று அன்பாகக் கேளுங்கள்.

ஆயித்தியமலைக்கு இந்த வருடம் திருவிழா நாளில் போகாதீர்கள். கூட்டமும் ஒலிபெருக்கியும் பயந்த பிள்ளைக்கு ஆகாது. சனமில்லாத ஒரு சாதாரண நாளில் காலையில் போய், அவன் கையால் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

ஆறு கிழமையாகியும் பயம் குறையாவிட்டால், அல்லது முன்பள்ளிக்குப் போகவும் சாப்பிடவும் மறுத்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இன்னொன்று. இங்கே இரவு எட்டு மணி என்றால் கட்டாரில் மாலை ஐந்தரை. கணவருக்கு அந்த நேரம் வசதிப்பட்டால், படுக்கும் முன் வீடியோ அழைப்பில் வரட்டும். "அப்பாட சிலுவையையும் போட்டுவிடுங்க" என்று அவர் சொல்ல, நீங்கள் மகனின் நெற்றியில் விரலால் இரண்டு சிலுவை போடுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு. பிறகு அவன் எழுந்து போய் லைட்டை அணைக்கட்டும்.