1852 ஓரிகன் பாதையில் இறந்தவரைத் தேடுவது
வணக்கம். உங்கள் மனைவியின் முன்னோர் 1852இல் அமெரிக்காவின் மிசூரியிலிருந்து, மேற்கே ஓரிகனுக்குக் குடியேறப் போனவர்களின் வழியான ஓரிகன் பாதையில் வண்டி கட்டிக் கிளம்பினார், மனைவியும் பிள்ளைகளும் மட்டும் ஓரிகன் போய்ச் சேர்ந்தார்கள், அவர் எங்கே இறந்தார் என்று கேட்டிருந்தீர்கள்.

கல்லறையைத் தேடி அலையாதீர்கள். ஓநாய் தோண்டிவிடும் என்று பயந்து, பாதையிலேயே புதைத்து மேலே வண்டியை ஓட்டித் தடத்தை அழித்ததும் உண்டு. அந்த வருடம் காலரா வேறு. பாதையை ஒட்டி ஓடும் பிளாட் ஆற்றங்கரையில் காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவார்.

நான் முதலில் பார்ப்பது நிலக் கோப்புகளைத்தான். ஓரிகனில் குடியேறியவர்களுக்கு இலவச நிலம் தந்த 1850 நன்கொடை நிலச் சட்டப்படி மனு போட்டவர்கள் ஓரிகன் வந்த தேதியையும் திருமணத் தேதியையும் சொன்னார்கள். அந்த அம்மா மறுமணம் செய்திருந்தால் புதுக் கணவர் பெயரில் தேடுங்கள். இறப்பு அதற்கு முந்தியது என்றாவது உறுதியாகும்.

அப்புறம், அதே கோடையில் அவ்வழி போன மற்றவர்களின் நாட்குறிப்புகள். கல்லறைப் பலகைகளில் கண்ட பெயர், ஊர், தேதியைச் சிலர் விடாமல் குறித்து வைத்தார்கள். எழுத்துப்பிழை சகஜம், ஒலியை வைத்துத் தேடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இறப்புப் பட்டியல் உதவாது. 1850, 1860 இரண்டுமே தமக்கு முந்தைய ஓராண்டு இறப்புகளை மட்டுமே காட்டும்.

அவர் மிசூரியில் எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது)? 1850 கணக்கெடுப்பில் அக்கம்பக்கத்தாரைப் பார்த்தால் கூடப் போனவர்கள் சிக்கலாம்.