வார்டு மெம்பர் என்றால் இளக்காரமா?

வணக்கம் ஐயா. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. எனக்கு அரசியல் ஆசை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நில் என்கிறார்கள் ஊரில். குழாயடிச் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தால் எம்.எல்.ஏ. ஆவது எப்போது? நேராக சீட் கேட்டால் தவறா? பணமும் சாதிபலமும் இல்லாதவனுக்கு இடமுண்டா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சீட் கேட்பதில் தவறே இல்லை, கேளுங்கள். பணம், சாதி பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. ‘குழாயடிச் சண்டை’ என்றீர்களே, அதுதான் சுட்டது. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவதும் அதுதான்.

நம் மலையில் வார்டு மெம்பராகத் தொடங்கி, ஊராட்சித் தலைவராகி, சட்டமன்றம் வரை போன ஒருவரை எனக்குப் பழக்கம். மழையில் குழாய் உடைந்தால் ஃபிட்டரோடு சேற்றில் குத்தவைத்து, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றுவார். எம்.எல்.ஏ. ஆனபின் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். ஒரே ஒரு தாளைத்தான் புரட்டினார். “தொட்டி ஊற்றுக்கு மேலே வருதே, மோட்டார் எங்கே? கரண்ட் பில் யார் கட்டுவா?” யாரும் வாய் திறக்கவில்லை. தொட்டியின் இடம் கீழே மாறியது, தண்ணீர் தானாக இறங்கி வந்தது. அந்தக் கேள்வி சேற்றில் உட்கார்ந்தவனுக்குத்தான் வரும். ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர். சென்னை மாகாணத்தின் பிரதமரானது (இன்றைய முதல்வர் பதவி மாதிரி) 1937-இல். உங்களுக்கு என்ன அவசரம்?

உள்ளாட்சி என்கிற இந்தப் பள்ளிக்கூடத்தை நாமே மூடி மூடித் திறக்கிறோம் என்பதுதான் என் ஆத்திரம். 1986-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1996-இல். பின்னாளில் வந்த மெம்பர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் நம் மாவட்டத்தில் நடந்தது 2019 டிசம்பரில். அதுவும் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி மெம்பர்களுக்குப் பதில் அரசு வைத்த தனி அலுவலர்கள். மெம்பர் இல்லாத அந்த வருடங்களில் தெருவிளக்கு எரியாவிட்டால் எங்கே போனோம்? எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்கு. சட்டம் இயற்ற அனுப்பியவரை பல்பு மாற்ற வைத்தோம். முப்பது வயதில் மெம்பராகியிருக்க வேண்டிய பிள்ளைகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நாளைக்கு யாரை அனுப்பப் போகிறோம்?

நீலகிரியில் சட்டமன்றத் தொகுதி 3, கிராம ஊராட்சி 35. ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டு. அதற்குப் பயந்துதான் நேராக சீட் கேட்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமன்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடலூரில் உரிமை தீராத ‘செக்‌ஷன் 17’ நிலத்தில் பட்டா இல்லாமல், கரண்ட் கனெக்‌ஷன் இல்லாமல் எத்தனை குடும்பம்! 1969-இல் சட்டமன்றம் போட்ட ஜென்ம எஸ்டேட் (ஜமீன் மாதிரிப் பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அது. ஊராட்சித் தலைவரால் அதை அசைக்க முடியாது. ஆனால் சட்டமன்றத்தில் எழுந்து பேசுகிறவர், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மக்களோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்க வேண்டாமா?

வருகிற கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவுக் கணக்கை வாங்கிப் படியுங்கள். உங்கள் வார்டுக் குழாய்க்கு எவ்வளவு செலவானது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.